விதி எழுதியவர் எங்கோ, வசவு வாங்குபவர் இங்கே

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத்து வங்கிக் கிளைகளில் மாதத்தின் முதல் வாரம் போய்ப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குக் கோபம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குச் சலிப்பு. அந்த ஊழியர் தமிழராகவும் இருந்துவிட்டால் திண்டாட்டம் இரட்டிப்பு. "நம்ம ஆளாச்சேன்னு வந்தா, நீங்களும் இப்படிச் சொல்றீங்களே!" என்ற பேச்சையும் அவர் கேட்டாக வேண்டும்.

அவர் என்ன செய்வார்? விதியை எழுதியவர் அவர் அல்ல; மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆனால் விதி தெரியாதவர்களின் கோபமெல்லாம் அவர் தலையில்தான் விழுகிறது. பல சச்சரவுகளுக்குக் காரணம் மூன்றே மூன்று விஷயங்கள்.

உறங்கும் கணக்கு

பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், தாயாருக்கு உடல்நலமில்லை என்று திருநெல்வேலிக்குப் போய் இரண்டரை ஆண்டு தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்ததும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க வங்கிக்குப் போகிறார். "கணக்கு செயல்படாமல் கிடக்கிறது" என்கிறார் ஊழியர். "வட்டி ஏறியிருக்கிறதே, பிறகு எப்படிச் செயல்படவில்லை என்கிறீர்கள்?" என்று இவர் பாஸ் புத்தகத்தை நீட்டுகிறார்.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்குக்கு உரியவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு எதுவும் செய்யாமல் விட்டால், அது செயல்படாத கணக்கு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி தானாகப் போடும் வட்டி இதில் சேராது. கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கில் வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட காவல் இது.

பணம் எங்கும் போய்விடவில்லை. வட்டியும் நிற்காது. அடையாள, முகவரிச் சான்றுகளைக் கொடுத்தால் கட்டணம் இல்லாமலே கணக்கை மீண்டும் இயக்கலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் அதை முடித்துத் தர வேண்டும். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால் பணம் 2014-ல் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கி நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் உரியவர் தம் வங்கியில் கேட்டுப் பெறலாம். இவ்வளவையும் சொன்னால் கோபம் பாதி தணிந்துவிடும்.

கணவரின் அட்டை

கணவர் இறந்துவிடுகிறார். அவருடைய ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண் மனைவிக்குத் தெரியும். ஈமச் செலவுக்கு எடுக்கிறார்; பிறகு வீட்டு வாடகைக்கும் எடுக்கிறார். சேதி வங்கிக்குத் தெரிந்ததும் கணக்கு நிறுத்தப்படுகிறது. "என் புருஷன் பணத்தை எடுக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று அந்த அம்மாள் அழும்போது, பதில் சொல்ல வேண்டியவர் மறுபடியும் அதே ஊழியர்தான்.

உரிமை உண்டு, வழிதான் வேறு. நாமினி பெயர் பதிவாகியிருந்தால், இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் மனுவும் கொடுத்ததிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் பொறுப்பாளர் மட்டுமே; அதனாலேயே அவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியேதான் இருக்கும். இது தெரியாமல் அண்ணன் தம்பிகள் வங்கி வாசலிலேயே மல்லுக்கு நிற்கிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை நியமிக்கலாம். ஒருவர் பெயரைக்கூட எழுதாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவந்த குடும்பங்கள் படும் பாடோ தனிக்கதை.

சின்னக் கணக்கு

உரிய ஆவணம் இல்லாதவர்களுக்காகத் தொடங்கப்படும் சிறு கணக்கில் எந்த நேரமும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு கூடாது; ஓர் ஆண்டு வரவு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது; மாதத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது. ஊரில் விற்ற நிலத்தின் பணம் அந்தக் கணக்கில் வந்து தடைப்படும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. ஆவணம் கொடுத்து அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

குற்றம் யாருடையது?

வாடிக்கையாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று ஊழியர்கள் குறைப்படுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் எதைப் படிப்பது? படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மராட்டிய மாநிலத்தில் அந்த மூன்றில் தமிழ் வராது. அதில் தவறும் இல்லை. ஆனால் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை ஒப்படைக்கும் ஒருவர், புரியாத தாளில் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு வருகிறார் என்பதும் மெய்தானே!

ஆகவே இரு தரப்பும் சற்று இறங்கி வர வேண்டும். "கே.ஒய்.சி. கொண்டு வாங்க, அடுத்தவர் வரலாம்" என்று முடித்துவிடும் ஊழியர், தம் சலிப்பில் ஒரு பங்கைத் தாமே விதைத்துக்கொள்கிறார். எந்தச் சான்று, எத்தனை நாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதே ஆள் மூன்று முறை வந்து நிற்க மாட்டார். வாடிக்கையாளரும் கணக்கு தொடங்கும் அன்றே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இது எந்த வகைக் கணக்கு? நாமினி பெயர் ஏறிவிட்டதா? ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

மிச்ச வேலை நம் தமிழ்ச் சங்கங்களுடையது. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம். நல்லதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற வங்கித் தமிழர் ஒருவரை அழைத்து ஒரு பெஞ்சியும் மேஜையும் போட்டுக் கொடுத்தால் செலவு என்ன ஆகிவிடும்? பாஸ் புத்தகத்தோடு வருபவர்களுக்கு அவர் தமிழில் விளக்கட்டும். நாமினி படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும்.

விழாவுக்கு வந்த விருந்தினரைச் சில மாதங்களில் மறந்துவிடுவோம். கல்லூரிக் கட்டணம் கெடு நாளுக்குள் கட்டப்பட்ட வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டார்கள். சங்க நிர்வாகிகள் யோசிப்பார்களா?