பார்வை நரம்புக்கே முதல் உரிமை

முதுமையைத் திருப்பும் ஆராய்ச்சி என்றாலே கோடீஸ்வரர்களின் பெயர்கள் முன்னே வந்து நிற்கின்றன. 2022இல் அமெரிக்காவில் இதற்காகவே ஆல்டோஸ் லேப்ஸ் நிறுவனம் 300 கோடி டாலர் முதலீட்டுடன் தொடங்கப்பட்டபோதும், மனிதன் இனி எத்தனை வயது வாழலாம் என்பதே பேச்சாக இருந்தது. எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. நான் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் இரண்டு கண்களிலும் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா.

தோல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் போன்ற வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. வயது ஏற ஏற அந்தக் குறிகள் குழம்புகின்றன. எழுத்து அப்படியே இருக்க, அடிக்கோடுகள் மட்டும் தவறான வரிகளுக்கு மாறிப்போன பாடப்புத்தகம் போல. ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் 353 இடங்களின் மெத்தில் குறிகளை வைத்தே ஒருவரின் வயதைக் கணித்துக் காட்டினார்.

அந்தக் குறிகளைத் திரும்ப எழுத முடியும் என்பதற்கு வழி திறந்தவர் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா. கியோட்டோவில் அவர் 2006இல் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோல் செல்லைக் கருவின் செல் போன்ற ஆதிநிலைக்குக் கொண்டுபோனார். இதற்கு மறுநிரலாக்கம் என்று பெயர். 2012இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஆதிநிலைக்குப் போன செல் தன் வேலையை மறந்துவிடும். உயிருள்ள எலியின் உடலுக்குள் அதை முழுதாக நடத்திய மாட்ரிட் ஆய்வாளர்கள் 2013இல் கண்டது, பல உறுப்புகளில் கட்டிகளை. அதன் பிறகுதான் பாதியில் நிறுத்தும் வழி வலுப்பெற்றது. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், இளமையிலேயே மூப்படையும் நோயுள்ள எலிகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் அந்த மரபணுக்களை இயக்கி, ஐந்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஆயுள் சுமார் 30 சதவீதம் கூடியது. இது 2016இல். மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் பயன்பட்டது டாக்ஸிசைக்ளின், நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் அதே ஆன்டிபயாடிக்.

2020 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரைதான் என்னை உலுக்கியது. ஹார்வர்டில் டேவிட் சின்க்ளேரின் குழுவினர், யமனாக்காவின் நான்கில் புற்றுநோயோடு தொடர்புள்ள ஒன்றை விட்டுவிட்டு, மூன்று மரபணுக்களை மட்டும் தீங்கற்ற வைரஸ் ஒன்றில் ஏற்றி எலியின் கண்ணுக்குள் செலுத்தினார்கள். நசுக்கப்பட்ட பார்வை நரம்பின் இழைகள் மீண்டும் வளர்ந்தன. கிளாக்கோமா உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, இழந்த பார்வையில் ஏறக்குறைய பாதி திரும்பியது.

கிளாக்கோமாவில் போன பார்வை போனதுதான் என்பதே இன்றுவரை எங்களுக்குச் சொல்லப்படும் பதில். சொட்டு மருந்தும் லேசரும் அறுவை சிகிச்சையும் மிச்சமிருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். அதே நோயில் பார்வையிழந்த என் அம்மா, கடைசிக் காலத்தில் பிள்ளைகளைக் குரல் வைத்துத்தான் அடையாளம் கண்டார். அதனால் சொல்கிறேன்: இந்த அறிவியல் ஆயுளை நீட்டும் வேலையை அப்புறம் பார்க்கட்டும், முதலில் கண்ணுக்கு வரட்டும். அறிவியல் நியாயமும் அதுதான். கண் சிறிய, மூடிய உறுப்பு. மருந்தின் அளவு குறைவாகப் போதும். உள்ளே நடப்பதை மருத்துவர் நேரில் பார்க்கலாம். கட்டி வரும் ஆபத்துள்ள ஒரு முறையை முழு உடலுக்கும் கொடுத்துப் பார்ப்பது பொறுப்பற்ற செயல். இன்று எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட மறுநிரலாக்கச் சிகிச்சை கிடையாது. ‘வயதைக் குறைக்கிறோம்’ என்று ஊசி விற்கும் அழகு நிலையங்களுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடுத்த கவலை விலை. பிறவிப் பார்வைக் குறைபாடு ஒன்றுக்கான லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்துக்கு அமெரிக்காவில் வைத்த விலை, இரு கண்களுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். நாளை கிளாக்கோமாவுக்கும் அப்படி ஒரு மருந்து வந்தால், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அதனால் என்ன பயன்? ஆனால் விலையை உடைத்த அனுபவம் நமக்கு உண்டு. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸ் சுமார் நூறு டாலருக்கு இறக்குமதியான காலத்தில், மதுரையில் 1992இல் தொடங்கிய ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. மரபணுச் சிகிச்சையும் நமக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ரத்தம் சரியாக உறையாத கடுமையான ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை அளித்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. மரபணுவை ஏற்றிச்செல்லும் வைரஸை இங்கேயே தரமாகவும் மலிவாகவும் தயாரிக்கும் கூடங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும். மருந்து வந்தபின் விலையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது நமக்கு வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த முறை உயிரோடிருக்கும் செல்லைத்தான் இளமையாக்கும், செத்துப்போன நரம்புச் செல்லை எழுப்பாது. ஆகவே எதிர்காலச் சிகிச்சைக்காகக் காத்திருப்பவருக்கும் இன்றைய சொட்டு மருந்து அவசியம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால், நாற்பது வயதுக்குமுன்பே கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துவிட வேண்டும். இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது, மங்கலும் தொடக்கத்தில் தெரியாது. என் தம்பியை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவனுக்கும் அழுத்தம் அதிகம். நரம்பு இன்னும் கெடவில்லை.