பிளம்பர்கள் நடத்தும் திருவிழா

"பிளம்பர் வேலையா?" என்று மூக்கைச் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது சிகாகோ கதைதான், நண்பர்களே. மார்ச் 17 அயர்லாந்துக்காரர்களின் புனித பாட்ரிக் திருநாள். அதையொட்டி வரும் சனிக்கிழமை கிராண்ட் பூங்கா வழியே ஊர்வலம், பேண்டு வாத்தியம், பச்சைத் தொப்பி. அயர்லாந்துக்காரர்கள் குடியேறிய பல ஊர்களில் இதெல்லாம் உண்டு. ஆனா, ஆறே பச்சையாக ஓடுமா?

அது பிளம்பர் சங்கத்தின் கைவேலை. கழிவுநீர் எந்தக் குழாய் வழியே ஆற்றில் கள்ளத்தனமாகக் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் ஊற்றிவந்த சாயம். 1962-ல் அதையே 100 பவுண்டு ஆற்றில் கொட்டினார்கள். ஒரு வாரம் பச்சையாகவே கிடந்ததாம். ரொம்ப ஜாஸ்திதான்! ஆற்றுக்குக் கெடுதல் என்று எதிர்ப்பு கிளம்பவே, தாவரச் சாயத்துக்கு மாறினார்கள். இப்போ சுமார் 40 பவுண்டு போதும். தூள் ஆரஞ்சு நிறம். தண்ணீர் பட்டால் பச்சை. ஒரு படகில் மாவுச் சல்லடையால் தூவுவார்கள், இன்னொரு படகு பின்னாலேயே ஓடிக் கலக்கிவிடும். சாயத்தின் பக்குவம் மட்டும் பரம ரகசியம்.

தொழில்காரன் தன் தொழிலாலேயே நடத்தும் விழா இது. நம்ம கல்லூரி விழாவுக்கு மட்டும் எதுக்குங்க வாடகை லைட், வாடகை மைக்? எலக்ட்ரிகல் பசங்க கை என்ன பூப்பறிக்கவா போகுது?