லயத்துக்கு மேலே நிற்கும் மரம்

மே மாதம் பிறந்தால் நாம் கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றுகிறோம், வாசல் கானைத் துப்புரவாக்குகிறோம், விறகை இஸ்தோப்புக்குள் அடுக்குகிறோம். லயத்துக்கு மேலே நிற்கும் பெரிய மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு படுத்துவிடுகிறோம். காற்று ஓங்கி அடிக்கும் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்கு ஓடும் குடும்பங்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கின்றன. விடிந்ததும் அதே ஆட்கள் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். மரம் அப்படியே நிற்கிறது.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். நாடே அதைப் பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் மரம் விழுந்தால் அது பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் நின்ற மரம் யாருடையது, அதைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மரம் யாருடையது என்பதில் நிர்வாகத்துக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது தேயிலையோடு மரமும் அவர்களுடைய கணக்கில் சேர்ந்தது. சவுக்கு, டர்பன்டைன், அல்பீசியா எல்லாம் பலகையும் விறகும் பணமும் ஆகும் சொத்து. ஒரு தொழிலாளி அனுமதி இல்லாமல் ஒரு கிளையை வெட்டினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது, சில இடங்களில் பொலிசும் வருகிறது. அதே மரம் எங்கள் கூரைக்கு மேல் சாய்கிறது என்று போய்ச் சொன்னால் “பார்க்கலாம்” என்ற ஒரு சொல்தான் கிடைக்கிறது. விழுந்த பிறகு அதற்கு இயற்கை அனர்த்தம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வெட்டும்போது கம்பனியின் மரமாக இருப்பது விழும்போது மட்டும் கடவுளின் மரமாகிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு லயத்தைச் சுற்றி நிற்கும் மரங்களையெல்லாம் அரிந்து தள்ளச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதில் வேருக்குப் பெரிய பங்கு உண்டு. மரத்தை வெட்டினால் அடிவேர் சில வருடம் மண்ணுக்குள் இருந்து மெதுவாக உக்கிப்போகும். புது மரம் வேர் பிடிப்பதற்குள் அது உக்கிவிட்டால் சரிவு பலவீனமாகிவிடும். மண்மேடு இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் பார்த்தவர்கள் நாம். அதனால் ஆபத்தான மரத்தை மட்டும் தெரிந்தெடுத்து, மற்றதைப் பேணிக் காப்பதுதான் வழி. சரிவில் ஒரு மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக் கூடாது. பக்கத்திலேயே ஒரு கன்றையும் நட வேண்டும்.

ஆபத்தான மரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வெளியிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டிய கைகள் நம்முடையவை. கத்தியின் கூர் மழுங்கி வாது பிளந்தால், அந்த வெட்டு வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, உளுத்து, செடி பட்டுப்போகும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்கள். நாற்பது அடி மரத்துக்கும் இதே பாடம்தான்.

மழையில் மண் நனைந்து சேறாகும்போது வேரின் பிடி தளர்கிறது. இலையும் கிளையும் தண்ணீர் ஏறிக் கனக்கின்றன. அந்த நேரத்தில் காற்று வந்தால் பச்சை மரமே வேரோடு சாயும். பெரிய மரத்தின் வேர் ஆழத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே கிளை விரிவைத் தாண்டிப் பரவியிருக்கின்றன. ஆகவே புதுக் கான் வெட்டும்போதும், தண்ணீர்க் குழாய் பதிக்கும்போதும், றோட்டை அகலமாக்கும்போதும், குசினியை ஒரு முழம் இழுத்துக் கட்ட மேட்டை வெட்டும்போதும் அறுபடுவது மரத்தின் பிடிமானம்தான். வெட்டியது இந்த வருடமாக இருக்கும், விழுவது நாலைந்து மழை கழித்தாக இருக்கும். அப்போது இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, தட்டினால் வெற்றுப் பீப்பாய் போலச் சத்தம் கேட்கிறதா, கவட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுங்காலம் சாய்ந்தே வளர்ந்த மரத்தைவிட, நேராக நின்று இந்த வருடம் சாயத் தொடங்கிய மரம்தான் பயங்கரம். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் பிளந்தோ கிளம்பியோ இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அன்றிரவே அந்தக் காம்பராக்களில் இருப்பவர்கள் வேறிடத்தில் படுக்க வேண்டும். பட்ட கிளைகள் காற்றில்லாமலும் விழும். அல்பீசியா வேகமாக வளர்வதால் அதன் கட்டை மெதுமையானது, கிளை சுலபமாக முறியும். புள்ளக்காம்பராவுக்கும் பாடசாலைக்கும் மேலே அது நின்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் சில தோட்டங்களில் மரத்தை நடுவில் மொட்டையடித்து விடுகிறார்கள். இது வேலையைச் சுருக்கமாக முடிக்கும் வழி, அவ்வளவுதான். வெட்டிய இடத்தில் கொத்தாக வெடிக்கும் புதுக்கிளைகள் தோலோடு ஒட்டி நிற்பவை. அவற்றுக்கு உள்ளே பிடி இல்லை. கீழே உளுத்துக்கொண்டிருக்கும் கட்டையில் அவை மீண்டும் பெருத்துக் கனக்கும்போது முன்னிருந்ததைவிட மோசமான மரம் ஒன்று நம் தலைக்கு மேல் நிற்கும். கிளையை அது புறப்படும் இடத்தில் உள்ள வீக்கத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே அரிய வேண்டும். முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டால் தோல் உரிந்து இறங்காது. தார் பூச வேண்டியதில்லை. மரம் தானே மூடிக்கொள்ளும்.

காலமும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலம்; ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. மரவேலையை அந்த மாதங்களில் முடித்துவிட வேண்டும். மழை பெய்யும் போது வழுக்கும் கிளையில் ஏறச் சொன்னால், அது யார் சொன்னாலும், ஏறக் கூடாது. கயிறும் தலைக்கவசமும் பழகிய ஆளும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. மின்கம்பியில் உரசும் கிளையைத் தோட்டத்து ஆள் யாரும் தொடவே கூடாது. மின்சார சபைக்கு 1987க்கு அழையுங்கள்.

வீட்டுப் பக்கத்தில் நாமே வளர்த்த மரங்களும் உண்டு. கொடிக்கம்பி கட்டிய மரத்தில் அந்தக் கம்பி தோலுக்குள் புதைந்து மரத்தை நெரிக்கிறது. அடியில் குப்பை எரிப்பதும் சுடுசாம்பல் கொட்டுவதும் வேரைக் கொல்லும். பலா, ஈரப்பலா இரண்டையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெட்டினால் குற்றம். பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். கோயில் அரசமரத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். சாமி மரத்தின் பட்ட கிளையைக் கழிப்பதால் சாமிக்குக் குறை வராது என்றே நாம் நினைக்கிறோம்; பூசாரியையும் கமிட்டியையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

இனி கடிதம். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வேலையின்போது, வேலை காரணமாகக் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்கு இருக்கிறது. இரவில் லயத்தில் படுத்திருக்கும்போது மரம் விழுந்தால் அந்தச் சட்டம் எட்டாது. அப்போது நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், இந்த மரம் விழும் என்று நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடிதம்தான். மரம் எந்த டிவிசனில், எந்த லயத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை காம்பராவுக்கு ஆபத்து, அதில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். போனில் படம் எடுத்து இணையுங்கள். ஒரு பிரதி துரைக்கு, ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு. தமிழிலேயே எழுதலாம். கொடுத்த இடத்தில் திகதியோடு கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். தோட்டம் என்று சொல்லிப் பிரதேச சபைகள் கைவிரித்த காலமும் 2018இல் சட்டம் திருத்தப்பட்டதோடு முடிந்துவிட்டது. அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இருக்கிறது. விழுந்து ஆட்களுக்குத் தீங்கு செய்யக்கூடிய மரத்தை அகற்றும்படி உரியவருக்குக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அந்த வழிக்குப் போக நேர்ந்தால் சங்கம் கூட நிற்கும். சரிவில் வெடிப்போ மண் இறக்கமோ தெரிந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் அறிவியுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் இரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய்ப் பாருங்கள். பாடசாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகள் கடிதம் எழுத உதவுவார்கள். கையொப்பம் வாங்கிய பிரதிகளை மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். எந்தத் தோட்டத்தில் எந்தத் திகதியில் எழுதிக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்பதை அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.