அப்பன் சொத்தா, அடுத்தவன் சொத்தா?

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனவர்கள், கருவறை முன்னே நிற்கும் இரண்டு எருக்கந்தூண்களைப் பார்த்திருப்பார்கள். புழல் கோட்டையில் இருந்த குறும்பர்களை வென்ற தொண்டைமான், அங்கிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை அவை என்று தலபுராணம் பெருமையோடு சொல்லுகிறது. புராணத்தை வரலாறாக நாம் கொள்ளவில்லை. ஆனாலும் ஊரான் வீட்டுக் கொள்ளையைப் பற்றி எழுதப் புகும்போது, நம் வீட்டுத் தூணையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நேர்மை.

2012-இல் ஜெர்மனியில், மியூனிக் நகரத்து வீடு ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் அகப்பட்டன. வீட்டுக்காரர் கொர்னேலியஸ் குர்லிட் என்ற முதியவர். திருடர் அல்லர், ஹிட்லர் ஆட்சிக்காக ஓவிய வியாபாரம் செய்த தந்தையின் பிள்ளை. அவற்றில் சில, யூதக் குடும்பங்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று பின்னர் உறுதியாயிற்று. 30 ஆண்டு கடந்தால் உரியவன் கேட்க முடியாது என்று அந்நாட்டுச் சட்டம் அவர் பக்கம் நின்றது. பறிகொடுத்தவன் எரிவாயு அறையில் மாண்டிருக்க, 30 ஆண்டுக்குள் வழக்குப் போட வருபவன் யார்? சட்டம் இதைக் கேட்கவில்லை. குர்லிட்டே கடைசியில், 2014-இல், ஆராய்ந்து உரியவருக்குக் கொடுக்க இசைந்தார்.

"நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம், திருட்டென்று தெரியாது" என்பார்கள். இதே பேச்சை லண்டன் நீதிமன்றத்தில் நம் பத்தூர் நடராசரும் கேட்டார்! 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த கோயிலருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி கையில் கிடைத்த சிலை அது. கைமாறிக் கைமாறி 1982-இல் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. வழக்கில், சிலையில் ஒட்டிய மண்ணையும் கறையான் தடத்தையும்கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். பூசையற்ற இடிந்த கோயிலுக்கு வழக்காட உரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தது. உண்டு என்றது, 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். ஊமைக் கல்லுக்கு வாய் கொடுத்த தீர்ப்பு என்று அதை நாம் கொண்டாடுவோம். நடராசர் நாடு திரும்பினார்.

ஆனால் எல்லாச் சிலைக்கும் கறையான் சாட்சி சொல்லாது. சுந்தரபெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் சிலையை ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் 1967-இல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. அதைக் காட்டிக்கொடுத்தது, 1957-இல் கோயிலுக்குள்ளேயே எடுத்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் காக்கப்பட்ட ஒரு புகைப்படம். 2024-இல் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் இசைந்தது. பிரெஞ்சுக்காரன் படம் எடுத்திராவிட்டால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? வெட்கத்தோடுதான் கேட்கிறோம்.

ஆகவே அயலானை மட்டும் திட்டிப் பயனில்லை. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் உள்ள ஒவ்வொரு சிற்றூர்க் கோயிலுக்கும் சிலைப் பட்டியல், உயரம், எடை, நாற்புறப் படம் இருக்கிறதா என்று ஊரார் கேட்கட்டும். இல்லையென்றால் எடுக்கச் சொல்லட்டும்; படி ஒன்றை ஊர்ப் பொதுநூலகத்தில் வைக்கட்டும்.

திருமுல்லைவாயில் தூண்களைக் கேட்கக் குறும்பர் சார்பில் இன்று எவரும் வரப்போவதில்லை. இவை யாரிடமிருந்து வந்தனவாகப் புராணம் சொல்லுகிறதோ, அதை வெற்றியாக மட்டுமன்றி, தோற்றவனின் பெயரோடும் இழப்போடும் எழுதிய பலகை ஒன்றைக் கோயிலார் அங்கே வைக்கலாமே!