இறக்கைக்குப் படிக்கத் தெரியாது

அமெரிக்காவில் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்களே செய்ததாக நிரூபித்தால், 'சோதனை ரக' விமானம் என்று சான்றிதழ் கிடைக்கும். 1953ல் மில்வாக்கியில் தொடங்கிய இவர்களது சங்கம் ஆஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் நடத்தும் திருவிழாவுக்குப் பலர் தாங்கள் கட்டிய விமானத்திலேயே வந்திறங்குகிறார்கள்.

இந்தச் சுதந்திரத்தில் ஒரு விபரீதச் சலுகையும் உண்டு. விமானத்தின் அதிகபட்ச மொத்த எடையை வடிவமைத்தவர் சிபாரிசு செய்யலாம்; ஆனால் ஆவணத்தில் எழுதுகிறவர் கட்டியவர். சட்டத்தின் பார்வையில் அவர்தான் உற்பத்தியாளர்.

கட்டுகிறவருக்கோ ஆசைகள் அதிகம். தோல் இருக்கை, இரண்டு கோட்டிங் பெயிண்ட், ஆட்டோ பைலட் என்று எல்லாம் சேர்ந்த பிறகு தராசில் ஏற்றினால் முகம் வாடுகிறது. இரண்டு பேரும் முழு டாங்க் பெட்ரோலும் சேர்ந்தால் வரம்பு தாண்டுகிறது. கழற்ற மனம் வருமா? வரம்பைக் கூட்டி எழுதிவிடுகிறார் சிலசமயம்.

கணக்கைப் பாருங்கள். 600 கிலோ விமானத்தின் இறக்கை, குலுக்கலிலும் திருப்பத்திலும் எடையைப் போல 3.8 மடங்கு, அதாவது 2,280 கிலோ தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 660 கிலோ ஏற்றினால் அதே சுமை 3.45 மடங்கிலேயே வந்துவிடும். இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம் சுமார் 5 சதவீதம் கூடும். அதற்கேற்ப வேகமாக இறங்கும்போது பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் உயரும். பெட்டிகளைப் பின்னால் அடுக்கி எடை மையமும் பின்னுக்கு நகர்ந்தால், விமானத்தைக் கட்டுப்படுத்துவதே சிரமம்.

"வடிவமைத்தவர் எப்படியும் ஒன்றரை மடங்கு கூடுதலாக வைத்திருப்பாரே?" என்பது வழக்கமான வாதம். வைத்திருப்பார்தான். அது சரியாக அடிக்காத ரிவெட்டுக்கும், எதிர்பாராத காற்றுக்கும், வருஷக்கணக்கில் களைத்துப்போகும் உலோகத்துக்கும் ஒதுக்கிய சேமிப்பு. சூட்கேஸ் வைக்க விட்ட இடமல்ல.

"ஏற்றிப் பறந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இன்னொரு வாதம். மணல் மூட்டை வைத்துப் பறந்து பார்த்தால், எவ்வளவு ஓடி எழும்புகிறது, எத்தனை வேகத்தில் ஏறுகிறது என்பது தெரியும். இறக்கை எந்தச் சுமையில் ஒடியும் என்பது மட்டும் தெரியாது. அது ஒடிந்த பிறகே தெரியக்கூடிய சமாசாரம்.

"உள்ளே போங்க சார், இடம் இருக்கு" என்ற கண்டக்டர் குரலில் வளர்ந்த நமக்கு இந்த மனோபாவம் புதிதல்ல. அச்சு முறிந்தால் பஸ் சாலையோரம் நின்றுவிடும். ஆகாயத்தில் ஓரம் கிடையாது. கூடுதல் எடை வேண்டுமென்றால் வடிவமைத்தவரைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால், டாங்கைப் பாதி நிரப்ப வேண்டும், அல்லது நண்பரை இறக்கிவிட வேண்டும். கோபித்துக்கொண்டாலும், நண்பர் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்வார்.