சிலிகான் எனும் தீராத வியாதி

50 வயது தாண்டிய, உருமாறாத கார்களுக்கு ‘விஏ’ எழுத்துகளுடன் தனி நம்பர் பிளேட் தரும் விதி 2021-இல் வந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். அந்த பிளேட்டை மாட்டிவிட்டால் தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். இது நியாயமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அதை எழுதத்தான் நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்க்கப் போனேன். முன்கண்ணாடி ஓரமெல்லாம் சிலிகான் அப்பிக் கிடந்தது. விதியைப் பற்றி எழுதும் மனநிலையே போய்விட்டது.

“ஒர்க்‌ஷாப்ல இதைப் போட்டாத்தான் ஒழுகாதுன்னாங்க” என்றார் நண்பர். மேட்டைத் தூக்கினேன். அடியிலிருந்த சணல் ஃபெல்ட் ஊறியிருந்தது. அதற்கும் அடியில் தகரம் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

ஹெரால்டு மேல் எனக்குள்ள பிரியம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த அழகி. 1961 முதல் நம் வண்டலூரில் உருவானவள். அவள் பாடி, சேஸிஸ் மேல் பல துண்டுகளாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. இங்கிலாந்தில் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், அவளை உருவாக்கிய ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் கண்ட வழி அது. கழற்றிப் பழுதுபார்க்க அருமையான அமைப்பு. ஆனால், எத்தனை இணைப்போ அத்தனை இடத்தில் மழை நுழையப் பார்க்கும்.

அதனால்தான் சிலிகான் ட்யூப் மேல் எனக்கு இவ்வளவு கோபம். கடையில் மலிவாகக் கிடைக்கும் வகையில் வினிகர் வாடை வரும். காயும்போது அது விடும் அசிட்டிக் அமிலத்தின் வாடை அது. வெறும் இரும்பை அரிக்கும். பிறகு அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது. மிக மோசமானது, வெளி விளிம்பை மட்டும் அடைப்பது. வேறெங்கோ நுழைந்த தண்ணீர் கண்ணாடி ரப்பருக்கு அடியிலேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தகரத்தைத் தின்னும்.

முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மேட்டையும் ஃபெல்ட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே உலர்ந்த தரையில் டால்கம் பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மெதுவாக, கீழிருந்து மேலாக நனைக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. பவுடரில் விழும் கோடு வழியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முன்கண்ணாடி ரப்பர் இறுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இறுகாமல் பசையாகவே இருக்கும் சீலன்ட்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையிலும், ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையிலும் கொடுக்க வேண்டும். கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகப் போகும். கதவின் அடியிலுள்ள துளைகள் அதை வெளியேற்றும். அந்தத் துளைகளில் மண்ணும் அண்டர்கோட்டிங்கும் அடைத்திருந்தால் கதவு அடியிலிருந்து அழுகும். மழைக்கு முன் ஒரு கம்பியால் குத்திவிட்டால் போதும்.

மேலோட்டமான துருவை இரும்பு பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சும் துருவுக்கு பாஸ்போரிக் அமிலம் உள்ள கன்வெர்ட்டர். காய்ந்ததும் எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயின்ட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தினால் ஈரம் ஊடுருவும். துருவின் மேலேயே பட்டி பார்த்தால், உள்ளே அது பருத்துப் பட்டியைப் பெயர்த்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது தகரம் ஓட்டையானால், அது டிங்கரிங் வேலை.

பழைய கார் வைத்திருப்பவர்களே, நம்பர் பிளேட் பிறகு வரட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால், வழியைக் கண்டுபிடிக்கும்வரை எந்த ட்யூபையும் வாங்காதீர்கள்.