கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே





சபைக்குழுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று ஒருவர் எழுந்து சொன்னால், "முதல்ல நம்ம ஜனங்க விசுவாசத்துல பலப்படட்டும், ஊரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் இன்னொருவர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். வேதபாட வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. குடும்ப ஜெபம் பல வீடுகளில் நின்றுபோய்விட்டது. அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனாலும் நம் பகுதியில் திருச்சபை வேர்விட்ட கதையைப் படிக்கப் படிக்க, இந்த 'முதல்ல', 'அப்புறம்' என்ற வரிசையை எங்குமே என்னால் பார்க்க முடியவில்லை.

கடலூரிலிருந்தே தொடங்குகிறேன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்து எழுதிப் பழகியவர். நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்களுடைய நம்பிக்கை என்ன, வழக்கம் என்ன என்று கடிதம் வழியாகவே கேட்டுத் தெரிந்துகொண்டவர். அவர் 1717-ல் கடலூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அடுத்த ஆண்டு, கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்ற இளைஞர் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஊர் ஊராக நடந்த அந்த ஆரோன்தான் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் லுத்தரன் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் நம் கடலூர்க்காரர். கடலூர்ச் சபைகளின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அடுத்த முறை வகுப்பெடுக்கும் அக்காமார்களும் அண்ணன்மார்களும் ஆரோனின் கதையை ஒரு வாரமாவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த நூற்றாண்டில் நடந்த ஒன்றைச் சொல்வது சற்று வலிக்கும். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடம் கொடுப்பதை ஏற்க மறுத்தார். அவருடைய மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பெரிய தமிழறிஞர். சாதியை அவர் சமூக வழக்கமாகக் கருதினார். மெல்ல மெல்லத் தானாக மாறும் என்று பொறுத்திருக்கச் சொன்னார். ஓக்ஸால் பொறுக்க முடியவில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கத் தயங்குகிறவர்களோடு எப்படி ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்வது என்பது அவருடைய கேள்வி. மிஷனை விட்டு வெளியே வந்து, 1860-களின் தொடக்கத்தில் நெல்லிக்குப்பத்தை அடுத்த பட்டாம்பாக்கத்தில் ஒரு நிலையம் அமைத்து, பெத்தானியா என்று பெயர் வைத்தார். டேனிஷ் மிஷன் சங்கம் அவருடன் கைகோத்தது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து கிளைத்தது. கிரவுலின் தமிழன்பை மதிக்கிறேன். இந்த விஷயத்தில் ஓக்ஸ் பக்கமே நிற்கிறேன். நூற்று அறுபது ஆண்டுகள் கழிந்தும் சில கல்லறைத் தோட்டங்களில் சுவர் நிற்கிறது, சில பெண் பார்க்கும் பேச்சுகளில் முதல் கேள்வியாகச் சாதி வருகிறது. ஊருக்குள் போய் அன்பைப் பற்றிப் பேசும் நம்மை ஊர் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் என்று நமக்கே தெரியும்.

இந்த இதழுக்காக எழுத உட்கார்ந்தபோது என் மனதில் முதலில் வந்து நின்றவர் வேறொருவர். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்கள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் பரங்கிப்பேட்டையைக் கடப்பீர்கள். அடுத்தது கிள்ளை. பரங்கிப்பேட்டை, வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். தர்காக்களும் மீனவர் குப்பங்களும் பழைய வணிகர் வீடுகளும் சேர்ந்த ஊர். அங்கே சேவா மந்திர் என்ற பள்ளி இருக்கிறது. அதைத் தொடங்கியவர் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன்.

1909-ல் டேனிஷ் மிஷன் ஊழியராக நம் தென்னார்க்காட்டுக்கு வந்தவர் அவர். பெண்பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி ஒன்று வேண்டும், அதை எப்படி அமைப்பது என்று நாட்டின் பல கல்விக்கூடங்களைப் பார்த்துவர 1917-ன் தொடக்கத்தில் புறப்பட்டார். கூடவே வந்தவர் இளம் மிஷனரி எஸ்தர் ஃபேரிங். அந்தப் பயணத்தில் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சம்பாரண் விவசாயிகளின் போராட்டத்துக்குக்கூட அவர் இன்னும் போகவில்லை. அங்கே எளிமையையும் உழைப்பையும் ஜெபத்தையும் பார்த்த இரண்டு பெண்களும், தாங்கள் சொல்லவந்த இயேசுவைக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவருடைய வீட்டில் புதிதாகக் கண்டுகொண்டு திரும்பினார்கள். இதைச் சொன்னால் இன்றும் சிலருக்கு மனம் கோணும். அன்று மிஷன் பெரியவர்களுக்கும் கோணியது. அரசாங்கமும் சந்தேகத்தோடு பார்த்தது. காந்தியோடு தொடர்பு வேண்டாம் என்ற நெருக்கடி ஏறிக்கொண்டே போக, முதலில் எஸ்தரும் பிறகு பீட்டர்சனும் மிஷனை விட்டு விலகினார்கள். எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் பின்னாளில் தனிப் புத்தகமாகவே வந்தன.

மிஷனை விட்ட பீட்டர்சன் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சம்பளமும் பாதுகாப்பும் போன பிறகு அவருடைய ஜெபம் இன்னும் ஆழமாயிற்று. அரசு மானியம் வாங்கினால் அரசு சொல்கிறபடி ஆடவேண்டியிருக்கும் என்று மானியமே வேண்டாம் என்றார். பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க வேண்டும், ராட்டையில் நூற்க வேண்டும், தங்கள் மண்ணை வெறுக்காத கிறிஸ்தவர்களாக வளர வேண்டும் என்று ஆசைப்பட்டார். தானும் கதர் உடுத்தினார். அவர் எழுதிய ஒரு கடிதத்தைக் காந்தி தம் யங் இந்தியா இதழில் வெளியிட்டார். 1921 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது பரங்கிப்பேட்டைக்கு வந்து பள்ளிக்கு அடிக்கல் நாட்டியவரும் காந்திதான். அதே மாதம் 22-ஆம் தேதி மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த மாற்றத்துக்குச் சில நாள் முன்னால் அவர் நின்ற மண் நம்முடைய மண்.

பீட்டர்சன் 1951-ல் இறக்கும்வரை பரங்கிப்பேட்டையே அவருக்கு வீடு. ஒரு சின்னக் கடற்கரை ஊரில் முப்பது ஆண்டுக்கு மேல் தங்கி, பிள்ளைகளுக்குத் தலைவாரி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, நோயில் பக்கத்தில் உட்கார்ந்து கழித்த வாழ்க்கை அது. பெரிய கூட்டங்களோ விளம்பரமோ அதில் இல்லை. நற்செய்திக் கூட்டங்களுக்கு நாம் அடிக்கும் போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறார். போஸ்டர் கூடாது என்று சொல்லவில்லை. முப்பது ஆண்டு ஒரே தெருவில் இருக்க நம்மில் எத்தனை பேர் தயார் என்றுதான் யோசிக்கிறேன்.

சிதம்பரத்துக்கு வருவோம். ஓமக்குளத்தில் இருக்கும் நந்தனார் பள்ளியைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. 1916-ல் அதைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் பேரைப் படிக்கவைத்தவர். சட்டமன்றத்திலும் நெடுங்காலம் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர். அவர் சிறுவயதில் படித்தது திண்டிவனத்தில், அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில். வேதாகமத்தை நன்றாகக் கற்றார். மதம் மாறச் சொன்னபோது மறுத்துவிட்டார். சைவராகவே வாழ்ந்தார், நந்தனார் பெயரால் பள்ளி நடத்தினார். அப்படியானால் திண்டிவனத்து மிஷன் பள்ளியின் உழைப்பு வீணா? என் பதில்: அந்தப் பள்ளிக்காக நாம் கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு சிறுவன் அங்கே எழுத்தறிவு பெற்றான், அதனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளிச்சம் பெற்றார்கள். அவனை மாற வற்புறுத்தியதற்காக நாம் வருந்தவும் வேண்டும். உதவிக்குப் பின்னால் தூண்டில் இருந்தால், உதவி பெறுகிறவருக்கு அது தெரியாமல் போகாது.

நல்ல சமாரியன் உவமையை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் எந்த நிபந்தனையும் பேசவில்லை. உதவி செய்தவன் அந்நியன் என்பதையும் மறந்துவிடுகிறோம். அந்த உவமையை நம் கரையிலேயே பார்த்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடலூர் மாவட்டக் கரையோரத்தில் 600-க்கும் மேற்பட்டோரை ஒரே காலைப்பொழுதில் சுனாமி கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளை பக்கத்துக் குப்பங்களிலும் பிழைத்தவர்கள் மாற்றுத் துணிகூட இல்லாமல் நின்றார்கள். பரங்கிப்பேட்டையின் முஸ்லிம் ஜமாஅத்தார் உடனே அண்டா வைத்துச் சமைத்துப் பரிமாறினார்கள். நம் திருச்சபைகளும் பிறகு வீடு கட்டிக் கொடுத்தன, படகும் வலையும் வாங்கிக் கொடுத்தன. அந்த நாட்களில் யார் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அன்று நாம் பெற்றுக்கொண்டவர்களாகவும் இருந்தோம் என்பது என் மனதில் பெரிய பாடமாக நிற்கிறது.

நம் கரையில் இன்னொரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். திருவருகைக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் நவம்பர், டிசம்பர் முழுக்க வெள்ளம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவருகையின் முதல் ஞாயிறு. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்த் தெருக்களில் ஓடியது. ஆகவே கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கும் கேரல் ரவுண்ட்ஸுக்கும் சபை பட்ஜெட் போடும்போது, அதே தாளில் இன்னும் சில வரிகளைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கிறேன். சபைக் கூடத்தில் எத்தனை குடும்பம் இரவில் படுக்கலாம், கழிவறை எந்த நிலையில் இருக்கிறது, அரிசியும் பாயும் எங்கே, கூடத்துச் சாவி நள்ளிரவில் யாரிடம் கிடைக்கும், தாழ்வான தெருக்களில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் அக்டோபரிலேயே ஒரு நாள் நடந்து பார்த்தால் இந்தப் பட்டியல் தயாராகிவிடும். அந்தத் தெருக்களில் நம் சபையார் சிலரே இருப்பார்கள். பட்டியலில் எல்லோரும் வரட்டும்.

இப்படி நடந்துபோய்ப் பார்த்தவர்களுடைய ஜெபம் மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். 'வியாதியஸ்தரை நினைத்தருளும்' என்று பொதுவாக ஜெபிக்கிறவர், அண்ணாமலை நகர் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வராந்தாவில் படுத்திருக்கும் கிராமத்து அம்மாவுக்கு ஒரு வாரம் இட்லி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால், அந்த அம்மாவின் பேர் சொல்லி ஜெபிப்பார். சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் குடியிருப்பவர்கள் இரவில் எந்த வாசனையோடு தூங்குகிறார்கள் என்று தெரிந்தவருக்கு, சிருஷ்டிப்பைப் பற்றிய பிரசங்கம் வேறு விதமாகக் காதில் விழும். அதன் பிறகு வேதபாட வகுப்புக்கு அவர் கேள்விகளோடு வருவார். காலி நாற்காலிகளுக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேருக்கு ஊரே கூடும். அன்றைக்கு நம் வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைக்கலாமா என்று சிதம்பரத்துச் சபையாரிடம் கேட்டுப் பார்க்கிறேன். மோர் மட்டும் கொடுப்போம், துண்டுப்பிரசுரம் வேண்டாம். அடுத்த ஊர்களிலிருந்து குழந்தைகளோடு நடந்து வருகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறிப் போகட்டும். யாராவது உள்ளே வந்து ஜெபிக்கலாமா என்று கேட்டால் கதவு திறந்திருக்கிறது.

உங்கள் சபையில் இப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால் எழுதுங்கள். பெரிய திட்டமாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றி எழுதுங்கள். முயன்று நின்றுபோனதையும் எழுதுங்கள், ஏன் நின்றது என்று சேர்த்து. பரங்கிப்பேட்டை சேவா மந்திரில் படித்த அம்மாக்களும் பாட்டிமார்களும் இருந்தால் உங்கள் பள்ளிக்கூட நினைவுகள் எங்களுக்கு மிகவும் தேவை. கையால் எழுதிய கடிதமானாலும் சரி, பேத்தியை விட்டு எழுதவைத்தாலும் சரி. வருகிற இதழ்களில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆசிரியர்